லெப்டொப்பைத் திருத்தக் கொடுப்பதற்கு முன்

முன்பெல்லாம் கடன் கொப்பி கல்லாப் பெட்டிக்குப் பக்கத்திலேயே கிடக்கும். அதை வெளியாள் எவருக்கும் கொடுக்கமாட்டோம். இன்று அதே கணக்கு லெப்டொப்புக்குள் இருக்கிறது. யார் எவ்வளவு தரவேண்டும், எந்தச் சரக்கை என்ன விலைக்கு எடுக்கிறோம், வங்கிக் கணக்கு எப்படி என்பதெல்லாம் அதற்குள்தான். ஆனால் வீட்டில் வைபை கிடைக்கவில்லை என்றதும் அந்த லெப்டொப்பை ஒரு பையில் போட்டு, முன்பின் தெரியாத கடையொன்றில் இரண்டு நாட்களுக்கு விட்டுவிட்டு வருகிறோம். போதாததற்குப் பாஸ்வேர்டையும் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுக்கிறோம்.

எனக்குத் தெரிந்த மொத்த வியாபாரி ஒருவர் இப்படித்தான் கொடுத்தார். வைபை கார்ட் பழுது என்று சொல்லி, புதிய கார்ட்டுக்கும் கூலிக்கும் பணம் எடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டால் மீண்டும் அதே கதை. பழுது லெப்டொப்பிலேயே இல்லை, ரவுட்டரில்!

சரக்கு வந்து சேரவில்லை என்றால் நாம் என்ன செய்வோம்? ஹார்பரில் நிற்கிறதா, லொறியில் ஏற்றிவிட்டார்களா, ஸ்டோரில் இறக்கிவிட்டார்களா என்று இடம் இடமாக விசாரிப்போம். இன்டர்நெட்டும் அப்படித்தான் வருகிறது. வெளியிலிருந்து கம்பியாகவோ 4ஜி சிக்னலாகவோ ரவுட்டருக்கு வருவது ஒரு பாதை. ரவுட்டரிலிருந்து காற்றில் லெப்டொப்புக்கு வருவது அடுத்தது. பிறகு லெப்டொப்புக்குள் நடக்கும் வேலை. எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் எதையும் கழற்றவும் கூடாது, எதற்கும் காசு கொடுக்கவும் கூடாது. இதைக் கண்டுபிடிக்க உங்கள் கையிலுள்ள போன் போதும்.

முதலில் போனில் மொபைல் டேட்டாவை நிறுத்துங்கள். இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். டேட்டா ஓடிக்கொண்டிருந்தால், வைபை செத்துக் கிடந்தாலும் போனில் எல்லாம் திறக்கும். நாமும் ரவுட்டர் நல்லாயிருக்கிறது என்று நம்பி, லெப்டொப்பின் மீது பழியைப் போடுவோம். டேட்டாவை நிறுத்திவிட்டு வீட்டு வைபையில் மட்டும் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். திறக்காவிட்டால் லெப்டொப்பை மூடி வைத்துவிட்டு ரவுட்டரிடம் போங்கள்.

போனில் திறக்கிறதா? அப்படியென்றால் இரண்டாவது சோதனை. டேட்டாவைத் திரும்பப் போட்டு, போனின் ஹொட்ஸ்பொட்டைத் திறந்து, அதில் லெப்டொப்பை இணைத்துப் பாருங்கள். இணைந்தால் லெப்டொப்பின் வைபை கார்ட் உயிரோடுதான் இருக்கிறது. ரவுட்டருக்கும் அதற்கும் இடையில்தான் ஏதோ ஒத்துவரவில்லை. ஹொட்ஸ்பொட்டிலும் இணையவில்லை என்றால்தான் லெப்டொப்பைச் சந்தேகிக்க வேண்டும்.

போன் நல்லது, லெப்டொப் நல்லது, ஆனால் இரண்டும் வீட்டு ரவுட்டரில் ஒன்றுபோல் நடக்கவில்லை என்பதுதான் அதிகம் காணப்படும் நிலை. பெரும்பாலும் யாரோ பாஸ்வேர்டை மாற்றியிருப்பார்கள். லெப்டொப் பழைய பாஸ்வேர்டையே திரும்பத் திரும்பக் கொடுத்துக்கொண்டிருக்கும். வைபை பட்டியலில் உங்கள் வீட்டுப் பெயரைத் தெரிவுசெய்து 'போர்கெட்' என்பதை அழுத்தி, மறுபடியும் புதிதாக இணையுங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசத்தைக் கவனியுங்கள். பூச்சியத்துக்கும் ஆங்கில 'ஓ' எழுத்துக்கும் இடையில் தடுமாறாதவர் இல்லை.

வீட்டு வைபையின் பெயரே பட்டியலில் தெரியவில்லை, ஆனால் பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் தெரிகிறது என்றால் அது வேறு விடயம். இப்போதைய ரவுட்டர்கள் 2.4 கிகாஹேர்ட்ஸ், 5 கிகாஹேர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளில் வேலை செய்கின்றன. பெயரின் கடைசியில் '5ஜி' என்று போட்டிருப்பது இந்த இரண்டாவதைத்தான். போன் கம்பனிகள் விளம்பரம் செய்யும் 5ஜிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய லெப்டொப்கள் பலவற்றுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். ரவுட்டரில் 2.4 அணைந்திருந்தால் அந்த லெப்டொப்புக்கு உங்கள் வீட்டில் வைபையே இல்லை. 5 வேகமானதுதான், ஆனால் சுவர்களைத் தாண்டும்போது சீக்கிரம் தளர்ந்துவிடும். கீழ் வீட்டில் ரவுட்டரும் மேல் வீட்டில் லெப்டொப்பும் இருந்தால், நடுவில் கொங்கிரீட் தட்டும் இருந்தால், 2.4 தான் கைகொடுக்கும்.

புது ரவுட்டர் போட்ட அன்றிலிருந்து பழைய லெப்டொப் மட்டும் இணைய மறுக்கிறதா? ரவுட்டரின் பாதுகாப்பு முறையைப் பாருங்கள். 2018 இல் அறிமுகமான டபிள்யூ.பி.ஏ.3 முறையைப் பழைய லெப்டொப்கள் பல அறியா. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அதன் முகவரி இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1 என்பது போல. அதைப் பிரவுசரில் அடித்து உள்ளே போய், டபிள்யூ.பி.ஏ.2 உம் 3 உம் கலந்த முறைக்கு மாற்றிவிட்டால் சரியாகிவிடும். பாஸ்வேர்டே இல்லாமல் திறந்து விடுவது மட்டும் வேண்டாம்.

இனி ரவுட்டர். மின்சாரத்தை அரை நிமிடம் நிறுத்திவிட்டுப் போடுங்கள். லைட்டுகள் அடங்க இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். பைபர் இணைப்பில் 'லொஸ்' என்ற லைட் சிவப்பாக எரிந்தால் கம்பியில் வெளிச்சம் வரவில்லை என்று அர்த்தம். அது கம்பனி வந்து பார்க்கவேண்டிய வேலை. 2022 இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய நாட்களில் ரவுட்டருக்கென்று சிறிய பெட்டரிப் பெட்டி வாங்கிப் போட்டவர்கள் அதையும் கவனிக்க வேண்டும். அந்தப் பெட்டரி இப்போது களைத்திருக்கலாம். லைட் எரியும், ஆனால் வைபை விட்டு விட்டு வரும். அதைக் கழற்றிவிட்டு ரவுட்டரை நேரடியாகப் பிளக்கில் போட்டுப் பாருங்கள். அடப்டர் பலவீனமானாலும் இதே கூத்துதான்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். ரவுட்டரின் பின்னால் இருக்கும் சிறிய துளைக்குள் ஊசியால் குத்தாதீர்கள். வீட்டில் இருக்கும் பிள்ளைகள் யூடியூப் பார்த்துவிட்டு இதைத்தான் முதலில் செய்வார்கள். அது ரவுட்டரை அணைத்துப் போடுவதல்ல, அதற்குள் இருப்பதையெல்லாம் அழிப்பது. சில இணைப்புகளில் கம்பனி கொடுத்த பெயரும் பாஸ்வேர்டும் சேர்ந்து போய்விடும். அதன் பிறகு ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

லெப்டொப்பிலேதான் பிழை என்று முடிவானால், முதலில் ஏரோப்ளேன் மோட் போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கீபோர்டின் மேல்வரிசையில் அன்டெனா படமுள்ள பட்டனில் விரல் பட்டே வைபை அணைந்துவிடுவதுண்டு. பழைய மொடல்களில் பக்கவாட்டில் ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும். அதுவும் இல்லையென்றால் டிவைஸ் மெனேஜரில் வைபை அடப்டரை அகற்றிவிட்டு லெப்டொப்பை ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் அதைத் திரும்பப் போட்டுக்கொள்ளும். 'நெட்வேர்க் ரீசெட்' கடைசி மருந்து. சேமித்து வைத்த வைபை பாஸ்வேர்டுகள் எல்லாவற்றையும் அது அழித்துவிடும், எழுதி வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

வைபை இணைந்திருக்கிறது, ஆனால் வங்கிப் பக்கம் மட்டும் 'பாதுகாப்பில்லை' என்று திறக்க மறுக்கிறது என்றால் லெப்டொப்பின் திகதியைப் பாருங்கள். உள்ளே இருக்கும் காசு போன்ற சிறிய பெட்டரி தீர்ந்தால் திகதி பல வருடங்கள் பின்னால் போய்விடும். பாதுகாப்பான இணையத்தளங்கள் அதை ஏற்காது.

வருமான வரி அறிக்கைக்கு நவம்பர் 30 கடைசி நாள். அந்த இரவில் வைபை கார்ட் உண்மையாகவே செத்துப்போனாலும் பதற வேண்டாம். அன்ட்ரொய்ட் போனைச் சார்ஜர் கேபிளால் லெப்டொப்பில் கொழுவி, போனின் செட்டிங்ஸில் 'யூ.எஸ்.பி. டெதரிங்' என்பதைப் போடுங்கள். வைபையே இல்லாமல் இன்டர்நெட் வரும். மறுநாள் ஆறுதலாக யூ.எஸ்.பி. வைபை டொங்கிள் ஒன்று வாங்கிக் குத்திக்கொண்டால் லெப்டொப்பைத் திறக்கவே தேவையில்லை.

அப்படியும் கடைக்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டுமென்றால், கணக்குகளை வேறொன்றில் பிரதி எடுத்துவிட்டு, பிரவுசரில் சேமித்த வங்கிப் பாஸ்வேர்டுகளை அழித்துவிட்டுக் கொடுங்கள். ஹொட்ஸ்பொட்டிலும் இணையவில்லை என்பதை அவர்களிடம் முதலிலேயே சொல்லுங்கள். முடிந்தால் முன்னால் இருந்தே செய்விக்கப் பாருங்கள். கார்ட்டை மாற்றினால் அதைப் பில்லில் எழுதச் சொல்லி, கழற்றிய பழைய கார்ட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.