கோழிக்குஞ்சுக்கு ஏன் பல்புச் சூடு?

வாங்கிவந்த கோழிக்குஞ்சுகளைக் குண்டு பல்புக்குக் கீழே விடச் சொல்கிறார்களே, ஏன்?

வளர்ந்த கோழியின் உடல் வெப்பநிலை சுமார் 41 டிகிரி செல்சியஸ். புதிதாகப் பொரித்த குஞ்சால் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. சிறிய உடலிலிருந்து வெப்பம் விரைவாக வெளியேறும். மேலிருக்கும் மென்தூவி அதைத் தடுக்கப் போதாது. தாய்க்கோழி இறக்கைக்குள் அணைத்துக்கொள்ளும். தாயில்லாக் குஞ்சுக்கு நாம்தான் சூடு தரவேண்டும்.

முதல் வாரம் சுமார் 35 டிகிரி தேவை. பிறகு வாரத்துக்கு ஏறக்குறைய 3 டிகிரி குறைக்கலாம். இறகு முளைத்து உடலை மூடிவிட்டால் பல்பு வேண்டாம். எல்.இ.டி. பல்பு உதவாது, அதில் போதிய சூடு இல்லை.

சூடு சரியா என்று எப்படி அறிவது? குஞ்சுகளைக் கவனியுங்கள். பல்புக்கு அடியில் நெருக்கியடித்துக் கத்தினால் குளிர்கிறது, பல்பை இறக்குங்கள். ஓரம் ஒதுங்கி, வாய் திறந்து மூச்சிரைத்தால் சூடு அதிகம், உயர்த்துங்கள். பரவலாகத் திரிந்து இரை பொறுக்கினால் சரியான சூடு.

குஞ்சுகளைச் சுற்றித் தடுப்பை வட்டமாக அமையுங்கள்; மூலை இருந்தால் அங்கே ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கும். தரையில் உமி பரப்புங்கள். முதல் சில நாள் அதன்மேல் செய்தித்தாள் விரியுங்கள். இல்லையேல் இரையென்று உமியைக் கொத்தும். உமி ஈரமானால் உடனே மாற்றுங்கள். ரத்தக்கழிச்சலை உண்டாக்கும் ஒட்டுண்ணி ஈரத்தில்தான் வீரியம் பெறுகிறது.