தாய் வழி வரும் ஓர் எழுத்துப் பிழை

கிள்ளானில் ரயிலேறிக் கோலாலம்பூர் சென்ட்ரலில் இறங்கினால் நாம் நிற்பது பிரிக்பீல்ட்ஸ். 1951இல் தொடங்கப்பெற்ற மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கிறது. வெள்ளைக்கோல் தட்டி நடப்போரை அங்கே நாம் பலமுறை கண்டிருக்கிறோம். வாலிப வயதில் நல்ல கண் திடீரென மங்குவது ஏன்? பல காரணங்களுள் ஒன்றை இன்று அறிந்துகொள்வோம்.

செம்பனை ஆலையில் கொதிகலன் எரிந்தால்தான் யந்திரம் ஓடும். நம் உயிரணுக்களுக்குள்ளும் அத்தகைய நுண்ணிய கொதிகலன்கள் உண்டு. அவற்றை மைட்டோகாண்ட்ரியா என்பர். உண்ட சோற்றின் சத்தையும் பிராணவாயுவையும் கொண்டு அவை சக்தி தருகின்றன. தீயணைக்க வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றுவோமே, அதுபோலப் புரதக் கூட்டங்கள் எலெக்ட்ரானைக் கைமாற்றுகின்றன. முதல் கூட்டத்தில் 45 உறுப்புகள். அவற்றுள் ஒன்றைச் செய்வதற்கான குறிப்பே 'என்.டி.4' என்னும் மரபணு.

இக்குறிப்பு மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளேயே இருக்கிறது. அங்குள்ள 16,569 எழுத்துகளில் 11,778ஆம் எழுத்து மாறிவிட்டால் கண் நரம்பு நலியக்கூடும். ஜெர்மானிய மருத்துவர் லேபர் 1871இல் விவரித்த நோய் இது. இந்த எழுத்துப் பிழையை அமெரிக்காவின் டக்ளஸ் வாலஸ் குழுவினர் 1988இல் கண்டறிந்தனர். நோயில் வலி இராது. நேரே பார்க்கும் பார்வை மங்கும். பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ மறு கண்ணும் மங்கும்.

மைட்டோகாண்ட்ரியா தாய் வழியே வருவது. அதற்காகத் தாயைப் பழிக்கலாமா? கூடவே கூடாது. அவளும் தன் தாயிடம் பெற்றவள்தானே! பிழை இருந்தும் பார்வை கெடாதோர் பலர். கெடுவோரில் ஆண்களே மிகுதி.

"சம்சு குடித்தான், கண் போயிற்று" என்று லயத்தில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். மெத்தனால் கலந்த கள்ளச் சம்சு கண்ணைக் கெடுப்பது மெய்யே. ஆனால் குடியாதவனுக்கும் இந்நோய் வரலாம். எனினும் பிழை உள்ளவருக்குப் புகையும் குடியும் எரிகிற தீயில் எண்ணெய்.

மதுரை அரவிந்த் ஆய்வாளர்கள் பங்கேற்று 2010இல் வெளியான ஆய்வில், இந்திய நோயாளிகளிடம் ஏற்கெனவே அறிந்த பிழைகள் குறைவாகவே தென்பட்டன. ஆகவே பரிசோதனையில் பிழை தெரியாவிட்டாலும் நோய் இல்லையென்று முடிவு கட்டிவிடலாகாது.

பிள்ளை "எழுத்து மங்குகிறது" என்றால் கண் மருத்துவரிடம் உடனே அழைத்துச் செல்லுங்கள். தாய்மாமனுக்கோ பாட்டியின் சகோதரருக்கோ பார்வை போனதுண்டா என்பதையும் மறவாமல் சொல்லுங்கள். அந்த ஒரு சொல் மருத்துவருக்கு வழிகாட்டும்.