பறவைப் படமும் அதன் சரியான பெயரும்

நாமக்கல் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது முட்டையும் கோழிப்பண்ணையும்தான். அதே மாவட்டத்தில் கொல்லிமலைக்குப் போனால் இன்னொரு கோழி இருக்கிறது. அதிகாலையில் அதன் கூவல் காட்டுக்குள்ளிருந்து கேட்கும். அதன் படம் கிடைத்துவிட்டால் 'காட்டுக்கோழி, கொல்லிமலை' என்று எழுதி இணையத்தில் ஏற்றிவிடுகிறோம். ஆனால், எந்தக் காட்டுக்கோழி?

இந்தியாவில் இரண்டு காட்டுக்கோழிகள் உண்டு. நம் பண்ணைக் கோழிகளின் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழி வடக்கிலும் கிழக்கிலும் உள்ள காடுகளைச் சேர்ந்தது. தென்னிந்தியக் காடுகளில் வாழ்வது சாம்பல் காட்டுக்கோழி. இதன் சேவலுக்குக் கழுத்து இறகுகளில் மெழுகு பூசியது போன்ற மஞ்சள், வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். மலைக்கிராமத்து வீட்டிலிருந்து காட்டோரம் மேயப் போன ஒரு நாட்டுச் சேவலைப் படமெடுத்து, 'சிவப்புக் காட்டுக்கோழி' என்று பதிந்தால் என்ன ஆகும்? அந்தப் பறவை இயல்பாக வாழாத ஓர் இடத்தில், அது இருப்பதாக வரைபடத்தில் ஒரு புள்ளி விழுந்துவிடும்.

ஒரு புள்ளிதானே என்று நாம் நினைக்கலாம். ஆனால் இன்றைய ஆய்வுகள் இத்தகைய புள்ளிகளின் மேல்தான் நிற்கின்றன. 2023-ல் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை 942 பறவை இனங்களை ஆராய்ந்தது. அதற்கு ஆதாரம், 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் ஈபேர்ட் தளத்தில் பதிந்த மூன்று கோடிக்கும் அதிகமான பதிவுகள். எந்தப் பறவை குறைகிறது, எதை முதலில் காக்க வேண்டும் என்பதெல்லாம் நம்மைப் போன்ற சாதாரண மக்கள் பதிந்த பெயர்களிலிருந்து முடிவாகிறது.

ஹுத்ஹுத் மரங்கொத்தியா?

பெயர்க் குழப்பத்துக்கு நமக்கு நெருக்கமான உதாரணம் ஒன்று உண்டு. சுலைமான் நபி (அலை) அவர்களின் வரலாற்றில் வரும் ஹுத்ஹுத் பறவையை நம்மில் பலர் பேச்சுவழக்கில் 'மரங்கொத்தி' என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது கொண்டலாத்தி. விசிறி போல் விரியும் கொண்டை, நீண்டு வளைந்த அலகு, இறக்கையில் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் கொண்டது. தரையில் நடந்து, மண்ணைக் குத்திப் புழுக்களைத் தேடும். மரங்கொத்தியோ உளி போன்ற நேரான அலகுடன் மரத்தில் செங்குத்தாக ஒட்டிக்கொண்டு கொத்தும். இரண்டையும் நாமக்கல் பகுதித் தோட்டங்களில் பார்க்கலாம். இரண்டுக்கும் கொண்டை இருப்பதுதான் குழப்பத்துக்குக் காரணமாக இருக்கலாம்.

தவறான சீட்டு செய்த கேடு

இணையம் வருவதற்கு முன்பு அருங்காட்சியகங்களில் பாடம் செய்த பறவையின் காலில் ஒரு சீட்டு கட்டியிருப்பார்கள். அதில் பெயர், இடம், தேதி இருக்கும். ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹாகன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி, பிறர் சேகரித்த பறவைகளை அருங்காட்சியகங்களிலிருந்து திருடி, தானே பிடித்ததாகப் பொய்ச் சீட்டு கட்டியவர். காட்டுச் சிற்றாந்தை என்ற அரிய இந்தியப் பறவையை 1914-ல் குஜராத்தில் பிடித்ததாகவும் ஒரு சீட்டு எழுதினார். உண்மையில் 1884-க்குப் பிறகு அதை யாரும் சேகரித்திருக்கவில்லை.

அமெரிக்க ஆய்வாளர் பமேலா ராஸ்முசென் அந்தச் சீட்டு பொய் என்று கண்டார். 19-ஆம் நூற்றாண்டின் உண்மையான சீட்டுகளில் இருந்த இடங்களை நம்பித் தேடிய அவரது குழு, 1997 நவம்பரில் மகாராஷ்டிராவின் ஷாஹாதா அருகே அந்த ஆந்தையை உயிரோடு கண்டது. அழிந்துபோனதாகப் பலர் கருதிய பறவை அது. பொய்ச் சீட்டு தேடுவோரைத் திசை திருப்பியது, உண்மைச் சீட்டு நூறாண்டு கழித்தும் வழி காட்டியது. இன்று நாம் படத்தின் கீழ் எழுதும் இரண்டு வரிகள்தான் அந்தச் சீட்டு.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, இடமும் தேதியும். வாட்ஸ்அப் வழியாக வரும் படத்தில் எடுத்த நேரமும் இடமும் பெரும்பாலும் அழிந்திருக்கும். எனவே எடுத்தவரே மூலப் படத்தைப் பதிவது நல்லது. பிறர் படத்தை நம் ஊர்ப் பெயரில் பதிவது கூடவே கூடாது.

இரண்டாவது, அலகும் காலும் தெரியும்படி பல படங்கள் எடுப்பது. மோகனூர் வயல்களில் தெரியும் வெள்ளைப் பறவை எல்லாமே நமக்குக் 'கொக்கு'தான். ஆனால் அலகும் காலும் கறுப்பாக, பாதம் மட்டும் மஞ்சளாக இருந்தால் சின்னக் கொக்கு. குட்டையான மஞ்சள் அலகோடு மாடுகளின் பின்னே திரிந்தால் உண்ணிக்கொக்கு. வாய்ப்பிளவுக் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரிய கொக்கு.

மூன்றாவது, ஊர்ப்பெயரோடு அறிவியல் பெயரையும் எழுதுவது. ஓர் ஊரில் செம்போத்து என்பதை இன்னோர் ஊரில் செண்பகம் என்பார்கள். அறிவியல் பெயர் உலகம் முழுவதும் ஒன்றே. அதுவும் ஆய்வுகளால் சில நேரம் மாறும். புபுல்கஸ் ஐபிஸ் என்று அழைக்கப்பட்ட நம் உண்ணிக்கொக்கு, இப்போதைய பட்டியல்களில் ஆர்டியா கோரமண்டா. அந்தக் 'கோரமண்டா' நம் சோழமண்டலக் கரையைக் குறிக்கும் சொல்.

நான்காவது, பண்ணையிலோ கூண்டிலோ வளர்வது என்றால் அதை மறைக்காமல் குறிப்பிடுவது.

ஐந்தாவது, செயலி சொல்வதை முடிவாக எடுத்துக்கொள்ளாதது. மெர்லின் போன்ற செயலிகள் பெயரைப் பரிந்துரைக்கும். ஒப்பிட்டுப் பார்த்து உறுதி செய்வது நம் வேலை.

எல்லாவற்றுக்கும் மேலாக, தெரியாவிட்டால் தெரியாது என்று எழுத வேண்டும். 'ஏதோ ஒரு கொக்கு இனம்' என்று பதிய ஈபேர்ட் தளத்தில் வசதி உண்டு. பொதுவான பெயர் சரியாக இருப்பது, குறிப்பான பெயர் தவறாக இருப்பதைவிட எவ்வளவோ மேல். யாராவது நம் பதிவைத் திருத்தினால் கோபப்படாமல் நன்றி சொல்வோம்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பம்பாயில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் 1896-ல் பிறந்த சாலிம் அலி, சிறுவனாக இருந்தபோது ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. பெயர் தெரியவில்லை. அதை எடுத்துக்கொண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போய்க் கேட்டார். செயலாளர் மில்லார்டு அதன் பெயரைச் சொல்லி, அங்கிருந்த பறவைச் சேகரிப்பையும் திறந்து காட்டினார். இந்தியாவின் தலைசிறந்த பறவையியல் அறிஞர் உருவானது, தெரியாத ஒரு பெயரைக் கேட்டு அறிந்த அந்த நாளில்தான்.

ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் தமிழகமெங்கும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. அதில் நாமக்கல், சேலம் இளைஞர்களும் கலந்துகொள்ளலாம். நம் ஊர் ஏரிக்குப் போய் ஒரு பறவையைப் படமெடுங்கள். பெயரை விசாரித்து, உறுதி செய்து, பிறகு பதியுங்கள்.