மலேசியப் பொருளாதார அறிமுகக் குறிப்பு: அயல்நாட்டு வணிகப் பங்காளிகளுக்குச் சொல்லப்படுவனவும் சொல்லப்படாதனவும்

முன்னுரை

ஒரு நாடு, தன்னோடு வணிகம் செய்யவோ தன் மண்ணில் முதலீடு செய்யவோ விரும்பும் அயல்நாட்டாருக்குத் தன்னை எடுத்துக்காட்டும் பொருட்டு வெளியிடும் ஆவணத்தைப் பொருளாதார அறிமுகக் குறிப்பு எனலாம். தூதரகங்களும் வணிக அமைச்சுகளும் முதலீட்டு வளர்ச்சி வாரியங்களும் இத்தகைய குறிப்புகளைத் தொடர்ந்து வெளியிட்டு வருகின்றன. பரப்பளவு, மக்கள்தொகை, மொத்த உள்நாட்டு உற்பத்தி, ஏற்றுமதி இறக்குமதி, வரி விகிதம், துறைமுக வசதி, சட்டப் பாதுகாப்பு, தொழிலாளர் வளம் ஆகியவை இவற்றில் பொதுவாக இடம்பெறும் தலைப்புகளாகும். முதலீட்டாளர் மனத்தில் நம்பிக்கையை ஏற்படுத்துவதே இக்குறிப்புகளின் நோக்கம். ஆகவே, வேண்டிய செய்திகளைத் தேர்ந்தெடுத்துக் கூறுவது இவற்றின் இயல்பாகும்.

மலேசியாவைப் பற்றிய இத்தகைய குறிப்பை எவ்வாறு பயில்வது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். குறிப்பில் இடம்பெறும் கூறுகளின் பின்னணியை முதலில் காண்போம். அதன்பின், தொழிலாளர் வளம் என்னும் தலைப்பின்கீழ் ஓரிரு வரிகளில் முடிந்துவிடும் செய்தியின் பின்னால் உள்ள வரலாற்றை ஆராய்வோம். இந்நாட்டுத் தமிழ்ப்பள்ளியின் தோற்றமும் தேய்வும் அவ்வரலாற்றோடு பிணைந்தவை ஆதலின், தமிழாசிரியர்க்கு இஃது அயலான பொருளன்று.

இன்றைய குறிப்பு கூறுவன

மலேசியா 13 மாநிலங்களையும் 3 கூட்டரசுப் பிரதேசங்களையும் கொண்டது. ஏறத்தாழ 330,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் 34 மில்லியன் மக்கள் வாழ்கின்றனர். ஆள்வீத உள்நாட்டு உற்பத்தி 12,000 அமெரிக்க டாலர் அளவில் உள்ளது. பெருநிறுவனங்களுக்கான வருமான வரி 2016 முதல் 24 விழுக்காடாக இருந்து வருகிறது. ஏற்றுமதியில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு மின், மின்னணுப் பொருள்களாகும். உலகில் நடைபெறும் குறைகடத்திச் சில்லுகளின் பொதிப்பு, சோதனைப் பணியில் 13 விழுக்காடு அளவு இங்கு நிகழ்வதாகக் கணக்கிடப்படுகிறது. மலாக்கா நீரிணையை ஒட்டிய கிள்ளான், தஞ்சோங் பெலெப்பாஸ் ஆகிய இரு துறைமுகங்களும் உலகின் முன்னணிக் கொள்கலத் துறைமுகங்களுள் வைத்து எண்ணப்படுகின்றன.

2009 முதல் சீனா மலேசியாவின் மிகப் பெரிய வணிகப் பங்காளியாக விளங்குகிறது. சிங்கப்பூரும் அமெரிக்காவும் முன்னணியில் உள்ள பிற நாடுகளாகும். இந்தியாவுடனான பொருளாதார ஒத்துழைப்பு உடன்பாடு 2011 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. வட்டார, பசிபிக் வணிக உடன்பாடுகள் இரண்டு 2022இல் மலேசியாவிற்கு நடைமுறையாயின. சிங்கப்பூருடன் இணைந்து அமைக்கப்படும் ஜொகூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்திற்கான உடன்பாடு 2025 ஜனவரியில் கையெழுத்தாகியது.

இச்செய்திகள் அனைத்தும் ஓர் உண்மையை உணர்த்துகின்றன. மலேசியா பிற நாடுகளின் தேவையைச் சார்ந்து வாழும் நாடு. அதன் ஏற்றுமதியையும் இறக்குமதியையும் கூட்டினால் அத்தொகை மொத்த உள்நாட்டு உற்பத்தியை விஞ்சுகிறது. 2000ஆம் ஆண்டளவில் அஃது இரு மடங்கையும் தாண்டி நின்றது. இத்திறந்த நிலை வளர்ச்சிக்குத் துணையாவதைப் போன்றே தளர்ச்சிக்கும் வழிவிடுகிறது. 1998இல் ஆசிய நிதி நெருக்கடியின்போது பொருளாதாரம் 7 விழுக்காட்டிற்கும் மேல் சுருங்கியது. உலக மின்னணுச் சந்தை சரிந்த 2001இல் வளர்ச்சி ஏறக்குறைய நின்றே போயிற்று. 2009இலும் 2020இலும் மீண்டும் சுருக்கம் ஏற்பட்டது. நெருக்கடியின்போது ஒரு டாலருக்கு 3.80 ரிங்கிட் என 1998 செப்டம்பரில் நிலைநிறுத்தப்பட்ட நாணய மதிப்பு, 2005 ஜூலையில்தான் விடுவிக்கப்பட்டது. குறிப்பைப் பயில்வோர் ஓராண்டின் எண்ணை மட்டும் நோக்காது, இறங்கிய ஆண்டுகளையும் சேர்த்து நோக்குதல் வேண்டும்.

ஈயத்திலிருந்து சில்லு வரை

இக்குறிப்பு நூறாண்டுகளுக்கு முன் எழுதப்பட்டிருப்பின் அதன் முதல் வரி ஈயத்தைப் பற்றியதாகவும் இரண்டாம் வரி இரப்பரைப் பற்றியதாகவும் இருந்திருக்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உலக ஈய உற்பத்தியில் ஏறத்தாழ பாதி மலாயாவிலிருந்து சென்றது. பேராக்கின் லாருட் பகுதியிலும் கிந்தா பள்ளத்தாக்கிலும் சீனத் தொழிலாளர் அதனைத் தோண்டி எடுத்தனர். தைப்பிங்கிலிருந்து கடற்கரைக்கு 1885இல் போடப்பட்ட முதல் இருப்புப்பாதை ஈயத்தை ஏற்றிச் செல்வதற்காகவே அமைந்தது. பின்னர் இருப்புப்பாதைகளும் சாலைகளும் மேற்குக் கரையோரம் நெடுகப் பெருகின.

அப்பாதைகளை ஒட்டியே இரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. 1877இல் சிங்கப்பூருக்கு வந்த இரப்பர்க் கன்றுகளில் சில பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. மரத்தை அழிக்காமல் பால் எடுக்கும் முறையைச் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் இயக்குநர் ரிட்லி செம்மைப்படுத்தினார். மோட்டார் வண்டி பெருகவே இரப்பரின் தேவையும் பெருகியது. செம்பனை 1917இல் சிலாங்கூரில் வணிகப் பயிராக முதன்முதல் நடப்பட்டது. எனினும், விடுதலைக்குப் பின்னர் இரப்பரை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது என்ற கொள்கை வலுப்பெற்ற பின்னரே அது பெருமளவில் பரவியது.

தொழில்துறைக்கான மாற்றம் 1960களின் இறுதியில் தொடங்கியது. 1968இல் முதலீட்டு ஊக்குவிப்புச் சட்டமும் 1971இல் தடையற்ற வணிக வலயச் சட்டமும் இயற்றப்பட்டன. 1972இல் பினாங்கின் பாயான் லெப்பாசில் தடையற்ற வணிக வலயம் தோன்றியது. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவிற்கு வெளியே தன் முதல் பொருத்து ஆலையை அதே ஆண்டில் அங்கு அமைத்தது. 1974இல் பெட்ரோனாஸ் நிறுவப்பட்டது. 1983இல் சரவாக்கின் பிந்துலுவிலிருந்து ஜப்பானுக்குத் திரவ இயற்கை எரிவாயு ஏற்றுமதியாகத் தொடங்கியது. 1985இல் அனைத்துலக ஈயச் சந்தை சரிந்தபொழுது, ஈயம் குறிப்பின் முதல் வரியிலிருந்து முற்றிலும் நீங்கியது.

இம்மாற்றங்களைப் பொதுவாக அரசின் தொலைநோக்கிற்கும் நில அமைவிற்கும் உரிய பயனாகக் குறிப்புகள் கூறும். அது பொருத்தமே. எனினும், ஒவ்வொரு பொருளும் யாருடைய உழைப்பால் விளைந்தது என்ற வினாவிற்கு விடை வேறிடத்தில் தேடப்பட வேண்டும்.

தொழிலாளர் வளம் என்னும் தலைப்பு

பயிற்சி பெற்ற, ஆங்கிலம் அறிந்த, போதிய எண்ணிக்கையிலான தொழிலாளர் கிடைப்பர் என்பதே இத்தலைப்பின்கீழ்ப் பொதுவாகக் காணப்படும் செய்தி. தொழிலாளர் இங்கு நிலம், மின்சாரம் ஆகியவற்றோடு ஒரு வளமாக எண்ணப்படுகின்றனர்.

இரப்பர்த் தொழிலுக்கு அவ்வளம் தென்னிந்தியாவிலிருந்து, குறிப்பாகத் தமிழகத்திலிருந்து, திரட்டப்பட்டது. 1907இல் அமைக்கப்பட்ட குடியேற்றக் குழு, தோட்ட முதலாளிகளிடம் தொழிலாளர் எண்ணிக்கைக்கேற்ப வரி வாங்கி, அந்நிதியிலிருந்து தொழிலாளரின் பயணச் செலவை ஏற்றது. கங்காணிகள் தம் ஊருக்குச் சென்று ஆள் சேர்த்து வந்தனர். 1938இல் இந்திய அரசு தடைவிதிக்கும் வரை இம்முறை நீடித்தது. இடையில் 1930களின் தொடக்கத்தில் இரப்பர் விலை வீழ்ந்தபொழுது பல்லாயிரக்கணக்கானோர் திருப்பி அனுப்பப்பட்டனர். ஏற்றுமதிப் பொருளின் விலையோடு மக்கள்தொகையும் ஏறி இறங்கியது என்பதை இதனால் அறிகிறோம்.

விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பிய உரிமையாளர் பலர் தோட்டங்களை விற்றனர். வாங்கியோர் அவற்றைச் சிறு துண்டுகளாக்கி மறுவிற்பனை செய்தனர். இத்தோட்டத் துண்டாடலால் வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழந்த குடும்பங்கள் பல. இதற்கு மாற்றாகத் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் மாதம் 10 வெள்ளி வீதம் செலுத்தி 100 வெள்ளிப் பங்கு ஒன்றைப் பெற்றனர். அப்பணத்தைத் திரட்டிச் சங்கம் தோட்டங்களை வாங்கியது. 1969இல் குடியுரிமையில்லாதோர் வேலை செய்ய உரிமம் பெறவேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தபின், நீண்டகாலம் இங்கு உழைத்தோருள் பலர் இந்தியா திரும்பினர்.

செம்பனைக்கு மாறியது மற்றொரு திருப்பமாகும். ஒரே பரப்பிலான இரப்பர்த் தோட்டத்தைவிடச் செம்பனைத் தோட்டத்திற்குக் குறைந்த ஆள்களே தேவை. செம்பனைப் பூக்களுக்குக் கையால் மகரந்தம் சேர்க்கும் பணியும் ஒரு காலத்தில் தோட்டங்களில் இருந்தது. 1981இல் ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து கொணரப்பட்ட மகரந்தச் சேர்க்கை வண்டு அப்பணியை ஏற்றுக்கொண்டது, விளைச்சலும் கூடியது. அறிமுகக் குறிப்பின் நோக்கில் இஃது உற்பத்தித் திறன் உயர்வு. தோட்டக் குடியிருப்பில் வாழ்ந்தவருக்கோ ஒரு வேலைவாய்ப்பு மறைந்த நிகழ்ச்சி. இரண்டும் உண்மையே.

தமிழ்ப்பள்ளிகளின் எண்ணிக்கையும் இதனோடு தொடர்புடையது. தோட்டத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் சிறார் இருப்பின் முதலாளி பள்ளி அமைக்கவேண்டும் எனக் குடியேற்றக் காலத் தொழிலாளர் சட்டம் விதித்ததனால் எழுந்தவை பெரும்பாலான தமிழ்ப்பள்ளிகள். 1957இல் 888 ஆக இருந்த அவற்றின் எண்ணிக்கை இன்று ஏறத்தாழ 530 ஆகும். சிறு பள்ளிகள் இணைக்கப்பட்டமை இதற்கு ஒரு காரணம். தோட்டங்கள் பயிர் மாறியமையும், நகரங்களாக மாறியமையும், மக்கள் வெளியேறியமையும் பிற காரணங்கள்.

பங்காளிகளின் புதிய வினாக்கள்

விலை, தரம், காலந்தவறாமை ஆகிய மூன்றையே முன்பு அயல்நாட்டுப் பங்காளிகள் பெரிதும் வினவினர். அண்மைக் காலத்தில் வினாக்கள் பெருகியுள்ளன. கட்டாய உழைப்பு நிலவுகிறது என்ற ஐயத்தின்பேரில் 2020இல் அமெரிக்கச் சுங்கத்துறை மலேசியாவின் கையுறை, செம்பனை நிறுவனங்கள் சிலவற்றின் பொருள்களைத் தன் துறைமுகங்களில் தடுத்து நிறுத்தியது. தொழிலாளரிடம் வாங்கப்பட்ட ஆள்சேர்ப்புக் கட்டணத்தை நிறுவனங்கள் திருப்பித்தரும் நிலை ஏற்பட்டது. தடைகளுள் சில பின்னர் நீக்கப்பட்டன. காடழித்த நிலத்தில் விளைந்த பொருளை ஏற்பதில்லை என ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் சட்டம் இயற்றியது. மலேசியாவும் 2020 முதல் செம்பனைத் தொழிலுக்கு நிலைத்தன்மைச் சான்றிதழைக் கட்டாயமாக்கியுள்ளது.

இன்று தோட்டங்களிலும் ஆலைகளிலும் இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம் முதலிய நாடுகளிலிருந்து வந்தோர் மிகுதியாக உழைக்கின்றனர். பயணச் செலவு முதலாளிகளின் பொது நிதியிலிருந்து தரப்பட்ட பழைய முறைக்கு மாறாக, இவர்களுள் பலர் முகவருக்குக் கடன்பட்டு வந்தவர்கள். அரசியல் உறவும் வணிகத்தைப் பாதிக்கிறது. 2020 ஜனவரியில், இரு நாட்டு அரசுகளிடையே கருத்து வேறுபாடு நிலவிய சூழலில், இந்தியா சுத்திகரிக்கப்பட்ட செம்பனை எண்ணெய் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விதித்தமை இதற்குச் சான்றாகும்.

ஆகவே, உழைப்பின் நிலை இன்று வணிகத்தின் புறத்தே நிற்கும் செய்தியன்று. ஏற்றுமதியை நிறுத்தவோ தொடரவோ வல்ல ஒரு கூறாக அஃது ஆகிவிட்டது.

வகுப்பறையில் இக்குறிப்பு

இத்தகைய குறிப்பைத் தமிழ் வகுப்பில் பயிற்றுவிப்பதால் இரு பயன்கள் உண்டு என்பது எம் கருத்து. ஒன்று, மொத்த உள்நாட்டு உற்பத்தி, செலவாணி, சராசரி, இடைநிலை போன்ற கலைச்சொற்கள் மாணவர்க்குப் பழக்கமாகும். மற்றொன்று, எண்ணைக் கண்டு வியவாமல் வினவும் பழக்கம் உண்டாகும்.

எடுத்துக்காட்டாக, 2022இல் மலேசியக் குடும்பங்களின் சராசரி மாத வருமானம் 8,479 ரிங்கிட் எனவும் இடைநிலை வருமானம் 6,338 ரிங்கிட் எனவும் புள்ளிவிவரத் துறை அறிவித்தது. மிகுந்த வருமானம் உடையோர் சராசரியை உயர்த்திவிடுகின்றனர். குடும்பங்களுள் சரிபாதி இடைநிலை அளவிற்குக் கீழேயே உள்ளன. அறிமுகக் குறிப்பு எந்த எண்ணைத் தருகிறது, எதனை விடுகிறது என மாணவர் வினவலாம். அவ்வாறே, 2013இல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டாகத் தொடங்கிய குறைந்தபட்ச ஊதியம் 2025இல் 1,700 ரிங்கிட் ஆகியிருப்பதை, அதே காலத்து விலைவாசி உயர்வோடு ஒப்பிட்டுக் கட்டுரை வரையச் செய்யலாம்.

முடிவுரை

மலேசியப் பொருளாதாரத்தின் வளர்ச்சி மதிக்கத்தக்கது. ஒரே பொருளை நம்பி அழிந்துபோகாமல், ஈயம், இரப்பர், செம்பனை, எரிவாயு, சில்லு எனத் தன்னை மாற்றிக்கொண்ட திறன் வளரும் நாடுகள் பலவற்றிற்கு வாய்க்கவில்லை. அதனை அயல்நாட்டாருக்கு எடுத்துரைப்பது அரசின் கடமை. அம்மாற்றங்கள் ஒவ்வொன்றிலும் உழைத்தவர் யார், மாற்றத்தின்பின் அவர் எங்குச் சென்றார் என்பதை எடுத்துரைப்பது கல்வியாளர் கடமை. தோட்டப்புறத்திலிருந்து நகரத்திற்குப் பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்றும் நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றனர். தம் பாட்டன் பாட்டியின் உழைப்பு நாட்டின் ஏற்றுமதிக் கணக்கில் எந்த வரியில் அடங்கியுள்ளது என்பதை அவர்கள் அறிந்துகொள்ள, இத்தகைய குறிப்புகளை வரலாற்றோடு இணைத்துப் பயிற்றும் பாடங்கள் தமிழில் எழுதப்பட வேண்டும். அப்பணியைத் தமிழாசிரியர்களும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இணைந்து மேற்கொள்வது பயனுடையதாகும்.