பழைய கார் வாங்கப் போகிறீர்களா? விலையைப் பேசும் முன் கெரானைப் பாருங்கள்

மாதம் ஒருமுறை அரசாங்க மருத்துவமனை, வெள்ளிக்கிழமை கோவில், வாரக் கடைசியில் சந்தை, மழை நாளில் பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது. தோட்டத்திலோ பட்டணத்தை ஒட்டிய குடியிருப்பிலோ இருப்பவர்கள் இதற்கெல்லாம் பேருந்தை நம்பியிருக்க முடியாது. வயதான தாயாரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் செல்லவும் முடியாது. அதனால்தான் நம்மில் பலர், "எப்போதாவது ஓட்டத்தானே, மலிவாக ஒரு பழைய கார் போதும்" என்று தேடுகிறோம்.

அந்த எண்ணம் சரியானதே. ஆனால் சேமிப்பைக் கொடுத்து வாங்கிய கார் ஆறு மாதத்தில் வீட்டு வாசலில் துருப்பிடித்து நிற்பதையும், அதைவிட மோசமாக, வங்கியின் ஆட்கள் வந்து இழுத்துச் செல்வதையும் நம்மிடையே பார்க்கிறோம். குறைவாக ஓடும் காருக்கு மூன்று விஷயங்கள் முக்கியம்: சுத்தமான பத்திரம், நல்ல நிலை, எளிதில் கிடைக்கும் உதிரிப் பாகம். மற்றவை எல்லாம் பிறகுதான்.

பெட்ரோல் கணக்கு

பலர் முதலில் கேட்பது, "எண்ணெய் அதிகம் குடிக்குமா?" என்பதுதான். வாரத்துக்கு 50 கிலோமீட்டர் ஓட்டினால் ஆண்டுக்கு 2,600 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காருக்கு ஏறக்குறைய 173 லிட்டர் தேவை. 10 கிலோமீட்டர் மட்டுமே ஓடும் காருக்கு 260 லிட்டர். லிட்டர் 2 வெள்ளி என்று வைத்துக் கொண்டால், ஓர் ஆண்டுக்கான வித்தியாசம் சுமார் 174 வெள்ளி. ஒரு கியர் பெட்டி பழுதானால் இதைவிடப் பல மடங்கு செலவாகும். ஆகவே, சிக்கனமான ஆனால் தேய்ந்துபோன காரைவிட, சற்றுக் கூடுதலாகக் குடித்தாலும் நன்கு பராமரிக்கப்பட்ட காரே லாபம்.

எந்தக் கார்?

இவ்வகைப் பயன்பாட்டுக்கு உள்நாட்டுக் கார்களை மிஞ்ச முடியாது. பெரோடுவா கஞ்சில், கெலிசா, விவா, 2005இல் அறிமுகமான மைவி, புரோட்டோன் சாகா ஆகியவற்றுக்குச் சிறு பட்டணத்திலும் உதிரிப் பாகம் கிடைக்கும். பழுதுபார்க்கத் தெரிந்த மெக்கானிக்கும் இருப்பார். குறைந்த விலைக்கு வரும் பழைய ஐரோப்பியக் கார் கண்ணுக்கு அழகாக இருக்கும். ஆனால் பாகத்துக்காக வாரக்கணக்கில் காத்திருக்க நேரிடலாம்.

சாலை வரியையும் பாருங்கள். தீபகற்ப மலேசியாவில் சொந்தப் பயன்பாட்டுக்கான சாதாரண கார் 1,000 சிசி வரை இருந்தால் ஆண்டுக்கு 20 வெள்ளி; 1,001 முதல் 1,200 வரை 55 வெள்ளி; 1,201 முதல் 1,400 வரை 70 வெள்ளி; 1,401 முதல் 1,600 வரை 90 வெள்ளி. 1,600ஐத் தாண்டினால் 200 வெள்ளிக்கு மேல் போய்விடும்.

பத்திரமே முதல் சோதனை

"கடனைத் தொடர்ந்து கட்டினால் போதும், காரை எடுத்துக் கொள்ளுங்கள்" என்று சொல்லி விற்பதை 'சம்போங் பாயார்' என்பார்கள். இதில் விழாதீர்கள். கார் விற்பவரின் பெயரில்தான் இருக்கும், கடனும் அவருடையதே. நீங்கள் மாதந்தோறும் அவரிடம் கொடுக்கும் பணத்தை அவர் வங்கியில் கட்டாவிட்டால், வங்கி காரை இழுத்துச் செல்லும். நீங்கள் கட்டிய பணத்துக்குக் காட்ட உங்களிடம் எந்தப் பத்திரமும் இருக்காது. தெரிந்தவர், உறவினர் என்றாலும் இதே நிலைதான்.

கெரானில் உள்ள பெயரும் விற்பவரின் அடையாள அட்டையும் ஒன்றா என்று பாருங்கள். வங்கிக் கடன் முழுவதும் தீர்ந்துவிட்டதா என்று கேளுங்கள். செலுத்தாத சம்மன்களால் கார் கறுப்புப் பட்டியலில் இருந்தால், பெயர் மாற்றம் நடக்காது. அதனால் முன்பணம் கொடுக்கும் முன்பே அதைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

பெயர் மாற்றத்துக்கு புஸ்பாகோம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் பி5 சோதனை தேவை. இயந்திர எண்ணும் சேசிஸ் எண்ணும் கெரானுடன் ஒத்துப்போகின்றனவா என்பதை இதில் பார்ப்பார்கள். ஆனால் பி5இல் தேறிவிட்டது என்பதற்காக இயந்திரமும் கியரும் நீண்ட நாள் உழைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. முழுப் பணத்தையும் பெயர் மாறும் நாளில் கொடுப்பதே பாதுகாப்பு.

காரைப் பார்க்கும்போது

காலையில், இயந்திரம் குளிர்ந்திருக்கும்போதே போய்ப் பாருங்கள். முன்கூட்டியே சூடேற்றி வைத்த கார் தன் குறையை மறைத்துவிடும். நீலப் புகை வந்தால் இயந்திர எண்ணெய் எரிகிறது. எண்ணெய் மூடியின் அடியில் பால் போன்ற படலம் இருந்தால் எண்ணெயில் நீர் கலந்திருக்கலாம்.

இருக்கை வாரை முழுவதும் இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக் கறை இருந்தாலும், இருக்கைக்குக் கீழே உள்ள இரும்பில் துரு ஏறியிருந்தாலும் அது வெள்ளத்தில் மூழ்கிய காராக இருக்கலாம். 2021 டிசம்பர் வெள்ளத்தில் சிலாங்கூரில் எத்தனையோ கார்கள் மூழ்கியதை மறந்துவிடக் கூடாது.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். பூ நன்றாக இருந்தாலும் பழைய ரப்பர் வெடிக்கும். மீட்டரில் கிலோமீட்டர் குறைவாக இருந்து, பிரேக் பெடலின் ரப்பர் மட்டும் தேய்ந்திருந்தால் மீட்டரைச் சந்தேகியுங்கள். பழைய சாகாவாக இருந்தால் டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்று கேளுங்கள். அது அறுந்தால் இயந்திரமே வீணாகலாம். விற்பவர் சொல்லும் பட்டறைக்குப் போகாமல், உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிச் செல்லுங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலி வீண்போகாது.

கையில் உள்ளதை எல்லாம் கொடுத்துவிடாதீர்கள்

8,000 வெள்ளி இருந்தால் 6,500 வெள்ளிக்குள் கார் பாருங்கள். மீதி காப்புறுதிக்கும் பேட்டரி, டயர், எண்ணெய் மாற்றத்துக்கும் வேண்டும். விற்பவரின் காப்புறுதி உங்களுக்கு வராது. உங்கள் பெயரில் புதிதாக எடுக்க வேண்டும். 55 விழுக்காடு வரை கிடைக்கும் என்சிடி கழிவும் உரிமையாளருக்கு உரியது. காரோடு சேர்ந்து வராது. இதற்கு முன் கார் வைத்திருக்காதவர் முழுக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும் என்பதைக் கணக்கில் சேருங்கள்.

வாங்கிய பிறகு அப்படியே நிறுத்தி வைக்காதீர்கள். வாரம் ஒருமுறையாவது இயந்திரம் நன்கு சூடாகும்வரை, அரை மணி நேரம் ஓட்டுங்கள். பேட்டரி உயிரோடு இருக்கும். இயந்திர எண்ணெயைக் கிலோமீட்டர் பார்த்து மாற்றாமல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

பின்னிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் கூடினால் உடனே உயிர்பெற்று ஓடவேண்டியது இந்தக் கார்தான். அதை மனத்தில் வைத்துக்கொண்டு, அவசரப்படாமல் தேடுங்கள். ஒரு கார் கைநழுவிப் போனால், அடுத்த வாரம் இன்னொன்று விற்பனைக்கு வரும்.