மிருதங்கம் செய்தவர் பெயர் என்ன?

கச்சேரி மேடையில் மிருதங்க வித்துவானின் பெயரைச் சொல்வார்கள். அதைச் செய்தவர் பெயரைச் சொல்வதில்லை. பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்து கொடுத்தவர் நம் தஞ்சாவூர் பர்லாந்து, தலித் கிறித்தவர்.

பலாக்கட்டைக்கு மாடு, ஆடு, எருமைத் தோல்களை வெட்டி மூட்டுகிறார்கள். வலந்தலையில் கல்பொடியும் சோறும் குழைத்து அடுக்கடுக்காகத் தேய்க்கிறார்கள். அடுக்குக்கு அடுக்கு தட்டிப் பார்த்துச் சுருதி சேர்க்க வேண்டும். இசை ஞானம் இல்லாமல் இது நடக்குமா? ஆனாலும் இதைக் கூலி வேலை என்றே ஒதுக்குகிறார்கள்.

இவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020இல் நூல் எழுதினார். வெளியீட்டு விழாவுக்குத் தந்த அனுமதியைச் சென்னை கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது.

தோலைத் தொட்டால் தீட்டு, நாதம் மட்டும் புனிதமா? கச்சேரி அழைப்பிதழில் மிருதங்கம் செய்தவர் பெயரையும் அச்சிடுங்கள் என்கிறோம்.