தலையசைவும் ஒரு கைரேகையே

மெய்நிகர் உலகைக் காட்டும் தலையணிக் கருவிகள் இன்று விளையாட்டுக்கு மட்டுமின்றி, அறுவை மருத்துவர்கள், விமானிகள் ஆகியோரின் பயிற்சிக்கும் பயன்படுகின்றன. அணிந்திருப்பவரின் தலை எப்பக்கம் திரும்புகிறது என்பதை உடனுக்குடன் அறியும் திறனே இக்கருவிகளின் உயிர்நாடி.

1968-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கணினி அறிஞர் ஐவன் சதர்லாண்ட் உருவாக்கிய கருவியில், கூரையிலிருந்து தொங்கிய ஓர் உலோகக் கரம் தலையின் அசைவை அளந்தது. இன்று அப்பணியை நகத்தினும் சிறிய உணரிகள் செய்கின்றன.

தலையின் அசைவுகள் ஆறு வகைப்படும். மேலும் கீழும் ஆட்டுதல், இடவலமாகத் திருப்புதல், தோள்பக்கம் சாய்த்தல் ஆகிய மூன்றும் சுழற்சிகள். முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் இடம்பெயர்தல் ஏனைய மூன்று. சுழற்சியை கைரோஸ்கோப் வினாடிக்குப் பல நூறு முறை அளக்கிறது. எனினும் அதன் நுண்ணிய பிழைகள் சேர்ந்து சேர்ந்து பெரிதாகிவிடும். ஆகவே கருவியின் முகப்பிலுள்ள கேமராக்கள் சுவர் மூலை, மேசை விளிம்பு போன்றவற்றை அடையாளமாகக் கொண்டு அப்பிழையைத் திருத்துகின்றன, இடப்பெயர்ச்சியையும் கணக்கிடுகின்றன.

தலை திரும்புவதற்கும் காட்சி மாறுவதற்கும் இடையிலான தாமதம் ஏறத்தாழ 20 மில்லி வினாடியைத் தாண்டலாகாது. தாண்டினால், கண் தரும் செய்தியும் உட்செவியின் சமநிலை உறுப்பு தரும் செய்தியும் முரண்பட்டு, தலைசுற்றலும் குமட்டலும் தோன்றக்கூடும். இதைத் தவிர்க்கவே, அடுத்த கணத்தில் தலை எங்கிருக்கும் என்பதைக் கருவி முன்கூட்டியே கணித்துக் காட்சியை ஆயத்தம் செய்கிறது. கைப்பேசியைச் செருகிப் பார்க்கும் மலிவான கருவிகள் பெரும்பாலும் சுழற்சிகளை மட்டுமே அறிவன. வாங்குமுன் இதைக் கேட்டறிதல் நலம்.

இத்துணை நுட்பமான அளவீடு அணிபவர் யார் என்பதையும் காட்டிக்கொடுக்க வல்லது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாக ஆய்வாளர்கள் 2023-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மெய்நிகர் விளையாட்டு ஒன்றை ஆடிய 50,000-க்கும் மேற்பட்டோரின் தலை, கை அசைவுகளைக் கணினிக்குப் பழக்கியபின், வெறும் 100 வினாடி அசைவைக் கொண்டே அது 94 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட துல்லியத்துடன் ஆளை அடையாளம் கண்டது.

கடவுச்சொல் கசிந்தால் உடனே மாற்றிக்கொள்ளலாம். தலையசைக்கும் இயல்பை அவ்வாறு மாற்ற இயலாது. ஆகவே இத்தகைய செயலிகளை நிறுவுமுன், அசைவுத் தரவு எங்கே சேமிக்கப்படுகிறது, யாருடன் பகிரப்படுகிறது என்பவற்றைப் படித்தறிந்த பின்னரே ஒப்புதல் அளியுங்கள்.